1967 என்று சொல்லி விற்கிறார்கள்

அமெரிக்காவில் விற்பனைக்கு வரும் பழைய கார்களின் விளம்பரங்களைப் படிப்பது எனக்கு ஒரு கெட்ட பழக்கமாகவே ஆகிவிட்டது. வாங்கப்போவதில்லை, வாங்கினாலும் நிறுத்த இடமில்லை. ஆனால் ஒரு மனிதர் தன் காரை விற்பதற்கு எழுதும் நான்கு பத்திகளில் தன்னையறியாமல் கொட்டிவிடுகிற விஷயங்கள் பல நாவல்களில் கிடைப்பதில்லை. அதிலும் ஒரு ரக விளம்பரம் உண்டு. தலைப்பில் 1967 ஃபோர்டு மஸ்டாங் என்றிருக்கும். படத்தில், கூரை பின்பக்கம் வழுக்கி இறங்கும் ஃபாஸ்ட்பேக் உடல், சாம்பல் நிறம், நடுவில் இரண்டு கறுப்புக் கோடுகள். கீழே விவரங்கள்: எஞ்சின், 2011 மாடல் முதல் வந்த ஐந்து லிட்டர் கொயோட்டி வி8. கியர்பாக்ஸ், ட்ரெமெக், ஆறு கியர். நான்கு சக்கரங்களுக்கும் டிஸ்க் பிரேக். முன்பக்க சஸ்பென்ஷன் அடியோடு மாற்றப்பட்டது. ராக் அண்ட் பினியன் ஸ்டியரிங். ஏ.சி. உண்டு. வயரிங் புதிது, சீட்டுகள் புதிது, தரைத் தகடு புதிது, கதவுகள் புதிது. படித்து முடித்ததும் கேட்கத் தோன்றும்: சரி, இதில் 1967 எங்கே இருக்கிறது?

வண்டிகளைப் பதிவு செய்யும் அலுவலகத்துக்கு இந்தக் கேள்வியில் குழப்பமே கிடையாது. 1967 இருப்பது எண்ணில். பானெட்டைத் தூக்கினால் உள் ஃபெண்டர் தகட்டில் அந்த எண் குத்தியிருக்கும். 7 ஆர் 02 சி என்று தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏழு என்றால் 1967. ஆர் என்றால் கலிபோர்னியாவின் சான் ஹோசே ஆலை. 02 என்றால் ஃபாஸ்ட்பேக் உடல். சி என்றால் 289 கன அங்குல வி8, இரட்டைக் குழல் கார்புரேட்டர், அன்றைய கணக்கில் 200 குதிரைத்திறன். மளிகை வாங்கவும் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகவும் வாங்கிய வண்டி என்பதை அந்த ஓர் எழுத்து காட்டிக்கொடுத்துவிடும். சில கார்களில் 02 இருக்க வேண்டிய இடத்தில் 01 இருக்கும். அப்படியானால் பிறக்கும்போது அது ஃபாஸ்ட்பேக்கே கிடையாது, சாதாரண கூப். பிற்பாடு யாரோ கூரையை அறுத்தெடுத்து வேறு கூரையை வெல்டு செய்திருக்கிறார்கள். ஆக, எதை வேண்டுமானாலும் மாற்றலாம். எண்ணை மட்டும் தொடக் கூடாது. அதை அழிப்பதும் திருத்துவதும் அங்கே கூட்டாட்சிக் குற்றம்.

உடலே இல்லாவிட்டாலும் கவலையில்லை. டைனகார்ன் என்றொரு நிறுவனம் ஃபோர்டின் உரிமம் பெற்று 1967 மஸ்டாங்கின் முழு உடலையும் புதுத் தகட்டில் அடித்து விற்கிறது. செவர்லேவின் 1969 கமாரோவுக்கும் அப்படிப் புது உடல் செய்கிறது. துரு இல்லாத, விபத்தில் படாத, ஒருவர்கூட உட்கார்ந்திராத புத்தம்புது அறுபதுகளின் கார். அதில் இல்லாதது அந்த எண் ஒன்றுதான்.

பழைய உடலைச் சீராக்கி உள்ளே புதிய எந்திரங்களை வைத்துக் கட்டிய காரை ரெஸ்டோமாட் என்கிறார்கள். மசில் கார் எனப்படும் அந்தக் காலத்துப் பெரிய எஞ்சின் கார்களின் பிரியர்களில் ஒரு சாரார் இந்தப் பெயரைக் கேட்டாலே முகம் சுளிப்பார்கள். ஆலைக் கதவைத் தாண்டி வந்த அன்று கார் எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும் என்பது அவர்கள் கட்சி. எஞ்சினில் குத்திய எண்ணும் உடலில் குத்திய எண்ணும் பொருந்த வேண்டும். போல்ட்டின் தலையில் உள்ள குறி சரியாக இருக்க வேண்டும். சோதனை செய்த தொழிலாளி அச்சில் கிரேயானால் போட்ட கிறுக்கல், அடிப்பக்கத்தில் அவசரமாகத் தெறித்த பெயிண்ட், இதையெல்லாம் பழைய புகைப்படங்களைப் பார்த்து மறுபடி போட்டுவைப்பார்கள். கார்வெட் கார்களுக்கென்று 1974இல் தொடங்கிய சங்கம் ஒன்று, ஆலையைவிட நன்றாகப் பெயிண்ட் அடித்தால் மதிப்பெண்ணைக் குறைக்கும். ஷிஃப்டு முடியப்போகும் அலுப்பில் யாரோ ஒரு தொழிலாளி ஏனோதானோவென்று செய்த வேலையை, ஐம்பது ஆண்டுகள் கழித்து ஒரு பல் மருத்துவர் பல்லாயிரம் டாலர் செலவழித்து அதே ஏனோதானோவோடு செய்யப் பாடுபடுகிறார்.

நான் மாற்றுகிறவர்கள் கட்சி. முழு மனதோடு இல்லை. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன். அந்தப் பக்கம் சாய்வதற்குக் காரணம், மசில் கார் என்ற சாதியே விதியை மீறி மாற்றிக் கட்டியதில்தான் பிறந்தது என்பது.

1963 தொடக்கத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் பிரிவுகள் எதுவும் பந்தயத்தில் ஈடுபடக் கூடாது என்று உத்தரவு போட்டது. பந்தய வெற்றிகளைக் காட்டி இளவட்டங்களிடம் விற்றுக்கொண்டிருந்த பான்டியாக் பிரிவுக்கு இது பெரிய அடி. அங்கே தலைமைப் பொறியாளர் ஜான் டிலோரியன். பிற்காலத்தில் தன் பெயரிலேயே எஃகு உடல் கார் செய்து நொடித்துப்போன அதே டிலோரியன். அவரும் பில் காலின்ஸ், ரஸ் கீ என்ற பொறியாளர்களும், நடுத்தர அளவுள்ள டெம்பெஸ்ட் காரின் 326 கன அங்குல எஞ்சின் உட்காரும் அதே தாங்கிகளில் பெரிய காருக்கான 389ம் உட்காரும் என்று கண்டார்கள். 389 என்றால் ஏறக்குறைய 6.4 லிட்டர். நடுத்தரக் காரில் 330க்கு மேல் கூடாது என்பது கம்பெனி விதி. ஆனால் புது மாடல் என்றால்தான் மேலிடத்துக்குப் போக வேண்டும்; வாடிக்கையாளர் கூடுதல் காசு கொடுத்து வாங்கும் ஆப்ஷனுக்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஆகவே 1964 ஜி.டி.ஓ. ஒரு மாடலாக வரவில்லை. டெம்பெஸ்ட் வரிசையின் லெமான்ஸ் காரின் ஆப்ஷன் பட்டியலில் ஒரு வரியாக, 300 டாலருக்குச் சற்றுக் குறைந்த விலையில், சந்தடியில்லாமல் வந்தது. பெயரையும் ஃபெராரியிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். 5,000 போனால் பெரிது என்று விற்பனைப் பிரிவு நினைத்தது. முதல் ஆண்டில் 32,450 போனது.

இதைவிட எனக்குப் பிடித்தது அதன் பின்கதை. 1964 மார்ச் இதழில் கார் அண்ட் டிரைவர் பத்திரிகை பான்டியாக் ஜி.டி.ஓ.வை ஃபெராரி ஜி.டி.ஓ.வோடு ஒப்பிட்டு எழுதியது. ஃபெராரி நேரில் வரவேயில்லை; ஒப்பீடு காகிதத்தில். பான்டியாக் 4.6 விநாடியில் 60 மைல் வேகத்தை எட்டியதாகப் போட்டார்கள். அமெரிக்கா முழுக்கப் பையன்கள் மனப்பாடம் செய்த எண் அது. அந்தக் காரின் பானெட்டுக்குக் கீழே 389 இருக்கவில்லை, 421 கன அங்குல எஞ்சினைச் சொருகிக் கொடுத்தோம் என்று ஜிம் வேங்கர்ஸ் பல ஆண்டுகள் கழித்து ஒப்புக்கொண்டார். பான்டியாக்கின் விளம்பர மூளை அவர்தான். ஆக, மசில் கார் யுகத்தைத் தொடங்கிவைத்த புகழ்பெற்ற சோதனை ஓட்டமே ஒரு கள்ள ரெஸ்டோமாட்டில் நடந்திருக்கிறது. தூய்மைவாதிகளிடம் இதைச் சொன்னால் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

பத்திரிகைக்குப் போன காரைத் தயார் செய்தது மிச்சிகனில் ராயல் ஓக் ஊரிலிருந்த ராயல் பான்டியாக் என்ற ஷோரூம். காசு கொடுத்தால் வாடிக்கையாளரின் காரையும் அங்கே இன்னும் வேகமாக்கித் தருவார்கள். ராயல் பாப்கேட் என்று அதற்கொரு தனிப் பெயர். பென்சில்வேனியாவில் டான் யென்கோ என்ற செவர்லே முகவர் இன்னும் ஒரு படி மேலே போனார். கமாரோவில் 400 கன அங்குலத்துக்குக் குறைவான எஞ்சின்தான் ஆலையில் கிடைக்கும். யென்கோவின் பட்டறையில் அதைக் கழற்றிவிட்டுக் கார்வெட்டின் 427ஐ வைத்தார்கள். 1969இல் ஆலையையே வளைத்து, சிறப்பு ஆர்டரின் பேரில் அங்கேயே அந்த எஞ்சினைப் பொருத்தவைத்தார். அன்று கம்பெனி விதிக்கு வெளியே நின்ற இந்தக் கார்கள் இன்று சேகரிப்பாளர்களின் கர்ப்பகிரகத்தில் இருக்கின்றன. ஒரு யென்கோ கமாரோவில் இன்று யாராவது எஞ்சினை மாற்றினால் ஊரே திரண்டு அடிக்க வரும். மாற்றியவர் ஷோரூம்காரராகவும் ஆண்டு 1968ஆகவும் இருந்தால் வரலாறு. மாற்றியவர் பக்கத்துத் தெருக்காரராகவும் ஆண்டு 2018ஆகவும் இருந்தால் அபசாரம். நடுவில் எந்தத் தேதியில் வாசல் மூடப்பட்டது என்று யாராலும் சொல்ல முடியாது.

அந்தக் கார்கள் ஓட்டுவதற்கு எப்படி இருந்தன என்பதை விற்பனை விளம்பரங்கள் சொல்வதில்லை. கனத்த இரும்பு எஞ்சின் மூக்கில் உட்கார்ந்திருக்கும். காரின் வால் லேசு. பெரும்பாலானவற்றில் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். வேகத்தில் இரண்டு முறை அழுத்தினால் சூடேறி, மூன்றாவது முறை மிதி கீழே போகும், கார் நிற்காது. அன்றைய பயாஸ் டயர்கள் சாலையின் ஒவ்வொரு வரப்பையும் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இழுக்கும். பழைய மஸ்டாங்குகளில் பெட்ரோல் டாங்கின் மேல் தகடுதான் டிக்கியின் தரை. பெட்டி படுக்கைக்கும் பெட்ரோலுக்கும் நடுவே ஒரு தகடு. பின்னால் எவனாவது இடித்தால் என்ன ஆகும் என்று யோசிக்க நேரம் இருக்காது. இத்தனையையும் பதினெட்டு வயதுப் பையனிடம் மாதத் தவணையில் கொடுத்தார்கள். காப்பீட்டுக் கம்பெனிகள்தாம் முதலில் விழித்துக்கொண்டன. அறுபதுகளின் இறுதியில், இளைஞன், பெரிய எஞ்சின் என்ற இரண்டும் சேர்ந்தால் பிரீமியம் தவணையையே மிஞ்சும் அளவுக்கு ஏறியது.

பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. 1970இல் செவெல் எஸ்எஸ் 454 என்ற காரில் 450 குதிரைத்திறன் என்று எழுதி விற்றார்கள், உச்சம் அது. அதே ஆண்டின் கடைசியில் தூய காற்றுச் சட்டம் வந்தது. 1971இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஈயம் குறைந்த பெட்ரோலுக்கு ஏற்ப கம்ப்ரஷனை இறக்கியது. 1972இல் கணக்கே மாறியது. விசிறி, சைலன்சர், ஆல்டர்னேட்டர் எதுவுமில்லாமல் வெறும் எஞ்சினை மேடையில் ஓடவிட்டு அளந்த பழைய முறை போய், காரில் இருக்கிறபடி அளக்கும் முறை வந்தது. கார்வெட்டின் எல்டி-1 எஞ்சின் 330இலிருந்து 255க்கு இறங்கியது. இறங்கியதில் பெரும்பகுதி காகிதத்தில். 1973 அக்டோபரில் எண்ணெய்த் தடை. 1974 மஸ்டாங்கை வாங்கப் போனவருக்கு வி8 எஞ்சினே கிடைக்கவில்லை.

இந்தக் குதிரைத்திறன் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு விளம்பரத்தைப் படித்தால் ஒரு வேடிக்கை புரியும். 2011 மாடலில் வந்த கொயோட்டி எஞ்சினுக்கு 412 குதிரைத்திறன், புது முறைப்படி அளந்தது. அறுபதுகளின் பூதம் என்று பெயரெடுத்த பல எஞ்சின்கள் இதற்குப் பக்கத்தில் நிற்க முடியாது. செவர்லேவின் எல்எஸ்3 எஞ்சின் 6.2 லிட்டர், 430 குதிரைத்திறன்; பெட்டியில் வைத்து விற்கிறார்கள், வாங்கிவந்து மாட்டிக்கொள்ளலாம். விலை குறைவு, எடை குறைவு, குளிர்காலக் காலையிலும் முதல் திருகலில் கிளம்பும். அதனால் ஃபோர்டு மஸ்டாங்குக்குள்ளேயே செவர்லே எஞ்சினை வைத்துவிடுகிறவர்களும் உண்டு. இதுதான் குலப்பகை. இரண்டு கட்சிக்காரர்களும் ஒன்றுசேர்ந்து திட்டுகிற ஒரே விஷயம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

ரெஸ்டோமாட் செய்வது இதுதான்: அந்தக் காரில் இருந்த பயத்தைக் கழற்றிவிட்டு ஓசையையும் உருவத்தையும் வைத்துக்கொள்கிறது. கேட்கும் இடத்தில் நிற்கிறது, திருப்பும் பக்கம் திரும்புகிறது, கோடையில் ஏ.சி. போட்டுக்கொண்டு போகலாம். நியாயமாகப் பார்த்தால் ஆட்சேபிக்க ஒன்றுமில்லை. உயிரோடு வீடு திரும்புவதை நானும் விரும்புகிறேன். ஆனால் அறுபதுகளில் அதை ஓட்டியவர்களின் நினைவுகளைக் கேட்டால் அவர்கள் வேகத்தைப் பற்றிக் குறைவாகவும், நிறுத்த முடியாமல் போன ஒரு சந்திப்பைப் பற்றியும் மழையில் சுழன்று நின்ற ஒரு வளைவைப் பற்றியும் அதிகமாகவும் பேசுவார்கள். குறைகளை ஞாபகம் வைத்துக்கொள்ளும் அளவுக்கு நாம் நிறைகளை வைத்துக்கொள்வதில்லை. என் அரை மனதுக்கு ஒரு காரணம் இது.

இந்த மோகத்துக்கு ஒரு முகம் கொடுத்தது 2000இல் வந்த ‘கான் இன் 60 செகண்ட்ஸ்’ படம். நிக்கோலஸ் கேஜ் திருட வேண்டிய ஐம்பது கார்களில் கடைசி, எலனார் என்று பெயர் வைத்த 1967 ஷெல்பி ஜி.டி.500 என்ற மஸ்டாங் வகை. சாம்பல் உடல், கறுப்புக் கோடு, பக்கவாட்டில் வழியும் புகைக்குழாய். படத்தில் ஓடியவை ஷெல்பிகள் இல்லை. சாதாரண மஸ்டாங் ஃபாஸ்ட்பேக்குகளுக்கு வேஷம் போட்டிருந்தார்கள். ஸ்டீவ் ஸ்டான்ஃபோர்டு வரைந்து, சிப் ஃபூஸ் வடிவம் கொடுத்த வேஷம். படம் சுமார்தான். கார் பைத்தியம் பிடிக்கவைத்தது. அதற்குப் பிறகு அமெரிக்காவின் கொட்டகைகளில் கிடந்த எத்தனையோ சி எழுத்து மஸ்டாங்குகள் எலனாராக வேஷம் மாறின. 1974இல் வந்த மூலப் படத்தில் எலனார் ஒரு மஞ்சள் மஸ்டாங். 1971 காரை 1973ஆகத் தோன்றும்படி ஒப்பனை செய்தது. அதை எடுத்த எச்.பி. ஹாலிக்கி நாற்பது நிமிடத் துரத்தலுக்காக 93 கார்களை நொறுக்கினார்.

எலனார் யாருடைய சொத்து என்று ஹாலிக்கியின் மனைவிக்கும் கேரல் ஷெல்பியின் நிறுவனத்துக்கும் நீண்ட வழக்கு நடந்தது. கதாபாத்திரம் என்றால் காப்புரிமை உண்டு. பேட்மேனின் கார் ஒரு கதாபாத்திரம்தான் என்று 2015இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று சொல்லியிருந்தது. எலனாருக்கு அந்தத் தகுதி கிடையாது என்று 2022இல் கீழ் நீதிமன்றமும் 2025இல் அதே மேல்முறையீட்டு நீதிமன்றமும் முடிவு செய்தன. காரணம் படிக்கச் சுவையானது: ஒரு படத்தில் மஞ்சள், ஒரு படத்தில் சாம்பல், ஓரிடத்தில் பெயிண்டே இல்லாத துருப்பிடித்த உடல், நிலையான உருவமோ குணமோ இல்லை. மாறிக்கொண்டே இருக்கிற ஒன்றை யாருடையது என்று எழுதிக்கொடுக்க நீதிமன்றம் மறுத்துவிட்டது. ரெஸ்டோமாட் உலகத்துக்கு இதைவிடப் பொருத்தமான தீர்ப்பு கிடைக்காது.

இனி எலனாராக மாறவிருந்து தப்பிய ஒரு காரின் கதை. 1968இல் வெளியான ‘புல்லிட்’ படத்துக்காக வார்னர் பிரதர்ஸ் அடுத்தடுத்த எண்களுள்ள இரண்டு மஸ்டாங்குகளைப் பயன்படுத்தியது. கடைசி மூன்று இலக்கங்கள் 558, 559. இரண்டும் அடர்பச்சை, இரண்டும் 390 கன அங்குல எஞ்சின். சான்ஃபிரான்சிஸ்கோவின் மேட்டுத் தெருக்களில் ஏறக்குறைய பதினொரு நிமிடம் நடக்கும் துரத்தலில் ஸ்டீவ் மெக்வீன் ஓட்டியது 559. மேடுகளில் பறந்து விழுந்து அடிவாங்கியது 558. படம் முடிந்ததும் 558 பழைய இரும்புக்குப் போனதாக எல்லோரும் நம்பினார்கள். பல பத்தாண்டுகள் கழித்து, மெக்ஸிகோவின் பாஹா கலிபோர்னியாப் பகுதியில், வெள்ளைப் பெயிண்ட் உரிந்து, எஞ்சினும் கியர்பாக்ஸும் இல்லாத ஒரு மஸ்டாங் கூட்டை ஒருவர் வாங்கினார். அவர் திட்டம் அதை எலனாராக மாற்றுவது. வேலையைத் தொடங்குமுன் யாரோ எண்ணைத் தேடிப் பார்த்தார்கள். ஃபோர்டின் 1967 முதலான உற்பத்திப் பதிவுகளை வைத்திருக்கும் கெவின் மார்ட்டி 2017இல் நேரில் வந்து பார்த்தார். வலுவூட்டிய ஷாக் டவர்கள், டிக்கியில் படப்பிடிப்புக்காகப் போட்ட துளைகள். 558தான். அந்த எண்ணைத் தேடாமல் கிரைண்டரை எடுத்திருந்தால் சினிமாவின் புகழ்பெற்ற மஸ்டாங் ஒன்று, இன்னொரு சினிமா மஸ்டாங்கின் நகலாகியிருக்கும்.

559இன் கதை வேறு. கைமாறிக் கைமாறி 1974இல் ஒரு பத்திரிகை விளம்பரம் மூலம் நியூ ஜெர்சிக் குடும்பம் ஒன்றிடம் 6,000 டாலருக்கு வந்தது. வீட்டம்மா பள்ளி ஆசிரியை. அதில்தான் வேலைக்குப் போய்வந்தார். 1977இல் மெக்வீன் கடிதம் எழுதினார்: காரைத் திருப்பித் தரமுடியுமா, படத்தில் இருந்தபடியே வைத்துக்கொள்ள ஆசை, புதுப்பிக்கும் எண்ணமில்லை என்ற பொருளில். குடும்பம் பதில் போடவில்லை. 1980 வாக்கில் கிளட்ச் போனது, ஓரமாக நிறுத்தினார்கள். பெயிண்ட் மங்கியது, துரு வந்தது, யாரும் கைவைக்கவில்லை. 2020 ஜனவரியில் ஃப்ளோரிடாவின் கிஸ்ஸிமியில் நடந்த மீகம் ஏலத்தில் கட்டணங்கள் சேர்த்து 37.4 லட்சம் டாலருக்குப் போனது. பொது ஏலத்தில் அன்றுவரை எந்த மஸ்டாங்கும் தொடாத விலை.

தொடாமல் வைத்ததால்தான் அந்த விலை என்று தூய்மைவாதிகள் இதை எடுத்துக்காட்டுவார்கள். எதைத் தொடாமல் வைத்தார்கள்? மேக்ஸ் பால்சாவ்ஸ்கி என்ற பந்தய மெக்கானிக் படத்துக்காக அந்தக் காரின் ஸ்பிரிங்குகளையும் ஷாக் அப்சார்பர்களையும் மாற்றியிருந்தார். சக்கரங்கள் வேறு. முன்கிரில்லில் இருந்த குதிரைச் சின்னத்தையும் பனி விளக்குகளையும் கழற்றியிருந்தார்கள். கேமரா பொருத்த உடலில் வெல்டு வைத்திருந்தார்கள். 37 லட்சம் டாலருக்கு விற்ற அசல் நிலை என்பது ஆலையிலிருந்து வந்த நிலையில்லை. 1968இல் ஒரு பட்டறையில் நடந்த மாற்றம், அதன் மேல் ஓர் ஆசிரியை ஓட்டிய மைல்கள், அதன் மேல் நாற்பது ஆண்டுத் துரு.

இங்கேதான் எனக்கு இரு கட்சிகளோடும் பிணக்கு. ஆலை வாசலில் நின்ற அன்றைய நிலைக்குக் காரைக் கொண்டுபோகிறவர்கள், அதற்கு முதலாளியே இல்லாத ஒரு நாளைத் திருப்பிக் கொண்டுவருகிறார்கள். சீட்டின் தேய்மானம், கதவில் பிள்ளைகள் உதைத்த தடம், தவறான நீலத்தில் யாரோ அடித்த பெயிண்ட் எல்லாம் போய்விடும். ரெஸ்டோமாட் கட்டுகிறவர்களோ எந்த ஆண்டிலும் இருந்திராத ஒரு காரைச் செய்து அதற்கு 1967 என்று பெயர் சூட்டுகிறார்கள். முந்தைய முதலாளிகளை இருவருமே துடைத்துவிடுகிறார்கள். ஆனால் பின்னவர் தன் கைத்தடத்தையாவது விட்டுச்செல்கிறார். அதற்காகவும்தான் அவர் பக்கம் சாய்ந்தேன்.

பணக் கணக்கு தனி. நம் வீடுகளில் பாட்டியின் காசுமாலையை அழித்துப் பேத்திக்கு நெக்லஸ் பண்ணினால் செய்கூலி, சேதாரம் என்று கொடுப்போம். பிறகு அந்த நெக்லஸை விற்கப் போனால் தட்டான் தங்கத்தை மட்டும் எடை போடுவார். ரெஸ்டோமாட்டும் அப்படித்தான். நல்ல பட்டறையில் கட்டினால் இரண்டு லட்சம் டாலர் எளிதில் போய்விடும். பெரும்பகுதி கூலி: துருவை வெட்டியெடுக்க, தகடு அடிக்க, பட்டி பூசித் தேய்க்க, கதவு இடுக்குகள் ஒரே அகலமாக வரும்வரை மாட்டி மாட்டிக் கழற்ற. விற்கும்போது அந்தக் கூலியை யாரும் கொடுப்பதில்லை. பேர்பெற்ற ஒருசில பட்டறைகளின் கார்கள் விதிவிலக்கு. மற்றவர்கள், செலவு ரசீதுகளைக் கோப்பாகக் கட்டி வைத்திருக்கிறேன் என்று விளம்பரத்தில் எழுதுவார்கள். இதே காரைக் கட்டப் போனால் இந்த விலைக்கு முடியாது என்றும் எழுதுவார்கள். இரண்டும் உண்மை. வாங்குகிறவர் மனதுக்குள் சிரித்துக்கொண்டே பேரம் பேசுகிற உண்மைகள். காசுக் கணக்கில் ரெஸ்டோமாட்டின் நல்ல முதலாளி எப்போதும் இரண்டாவது முதலாளிதான்.

ஏன் விற்கிறார் என்ற காரணமும் விளம்பரத்தில் கட்டாயம் இருக்கும். ஓட்ட நேரமில்லை. அடுத்த காருக்கு இடம் வேண்டும். வீடு மாறுகிறோம். 1968இல் பதினேழு வயதாக இருந்து, அடுத்த வீட்டு அண்ணனின் காரைப் பார்த்து ஏங்கியவருக்கு இன்று எழுபத்தைந்தை ஒட்டி வயது. கிளட்சை மிதிக்க முழங்கால் ஒத்துழைப்பதில்லை. அதைச் சொல்ல மாட்டார். பிள்ளைகளுக்கு அந்தக் கார்மேல் ஏக்கம் கிடையாது. அவர்கள் ஏங்கி வளர்ந்தது தொண்ணூறுகளின் ஜப்பானியக் கார்களைப் பார்த்து. அதனால்தான் ஆலை நிலையில் உள்ளவற்றைவிட ரெஸ்டோமாட்டை இளையவர்கள் விரும்பிக் கேட்கிறார்கள் என்று நினைக்கிறேன். அந்தக் காலத்தை வாழாதவனுக்கு டிரம் பிரேக்கில் என்ன பக்தி? அவனுக்கு வேண்டியது உருவமும் உறுமலும். உறுமலை மட்டும் தனியாகவும் விற்கத் தொடங்கிவிட்டார்கள்: டாட்ஜ் 2024இல் கொண்டுவந்த மின்சார சார்ஜரில் புகைக்குழாய் கிடையாது, ஆனால் புகைக்குழாய்ச் சத்தத்தை உண்டாக்கும் அமைப்பு உண்டு.

விளம்பரங்களில் என்னை உண்மையாகவே எரிச்சலூட்டுவது ஒன்றுதான். கட்டி முடித்த பிறகு ஓடியது 400 மைல், 700 மைல் என்று பெருமையாகப் போடுவார்கள். ஓட்டத் தோதாக இருக்க வேண்டும் என்றுதானே பிரேக்கிலிருந்து ஏ.சி. வரை மாற்றினார்கள்? ஆசிரியை ஒருவர் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டிப்போன கார் பல லட்சம் டாலருக்கு விற்கிறது. நெடுஞ்சாலைக்கென்றே செய்த கார் குளிரூட்டிய கொட்டகையில் போர்வைக்கடியில் நின்றபடி விலைக்கு வருகிறது.

எப்படியும் இவையும் ஒருநாள் பழையவையாகும். அதற்கான அறிகுறி தெரிகிறது. எலனார் வேஷம் போட்டுப் படத்தில் ஓடிய கார்களில் ஒன்றை 2013இல் பத்து லட்சம் டாலருக்கு ஏலத்தில் எடுத்தார்கள். அதைப் பார்த்துச் செய்யும் நகல்களில் பனி விளக்கின் அளவு சரியா, பக்கவாட்டுப் புகைக்குழாய் எத்தனை அங்குலம் என்று இப்போதே சண்டை நடக்கிறது. இன்னும் நாற்பது ஆண்டில், 2010களில் யாரோ ஒரு பட்டறைக்காரர் மாட்டிய ட்ரெமெக் கியர்பாக்ஸின் தொடர் எண் பொருந்துகிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க ஆள் வருவார். தொடுதிரை ரேடியோ வேலை செய்யாவிட்டாலும் கழற்றாதே, விலை போய்விடும் என்பார்.